ஹாட் ஹேட்ச் தலைமுறைகள்: முதல் ஜிடிஐ முதல் இன்றைய பேட்டரி வண்டி வரை, எது உச்சம்?

டார்ட்டான்_சீட்:

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தது. ஹாட் ஹேட்ச், அதாவது சாதாரண குடும்ப ஹேட்ச்பேக்கின் வேகப் பதிப்பு. எக்ஸ்-ஷோரூம் 53 லட்சம், முதல் தொகுதியில் 150 வண்டிகள், விலையைச் சொல்வதற்கு முன்பே அத்தனையும் புக் ஆகிவிட்டது. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, 265 பிஎஸ் (குதிரைத்திறன்), நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 5.9 வினாடி. எனக்கு இடிப்பது விலை மட்டும்தான். 1976-இல் இதே மூன்றெழுத்தோடு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த முதல் ஜிடிஐ 13,850 மார்க். அன்றைய ஜெர்மன் சராசரி ஆண்டுச் சம்பளத்தைவிட அது நிறையவே குறைவு. தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர் தவணை கட்டி வாங்கி, வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டி, சனிக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றி, ஞாயிறு காலையில் மலைப்பாதையில் ஒரு பெரிய பிஎம்டபிள்யூவின் பின்னால் ஒட்டிக்கொண்டு போய் அவரைக் கடுப்பேற்றலாம். ஹாட் ஹேட்ச் என்றால் எனக்கு அதுதான்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மேலிடம் கேட்டுச் செய்த வண்டி இல்லை அது. ஆல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் என்ற எஞ்சினியர் "நாமும் ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி செய்தால் என்ன" என்று கிளப்பிவிட, சிலர் சேர்ந்து சத்தம் போடாமல் செய்து பார்த்தார்கள். 1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். 5,000 விற்றால் போதும் என்பது கணக்கு. முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் போனது. உள்ளே இருந்ததில் முக்கால்வாசி ஏற்கெனவே கையில் இருந்த சாமான்: ஆடி 80 ஜிடிஇ-யின் 1.6 லிட்டர் எஞ்சின், போஷ் கே-ஜெட்ரானிக் இஞ்செக்ஷன், 110 பிஎஸ், எடை 810 கிலோ. கட்டம் போட்ட டார்ட்டான் சீட் துணியும் கோல்ஃப் பந்து கியர் குமிழும் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற வடிவமைப்பாளரின் யோசனை, பீங்கானில் ஓவியம் வரையப் பயின்றவர் அவர். இங்கே என் பெயரும் அவர் புண்ணியத்தில்தான்.

அப்புறம் நடந்தது வேறு. இரண்டாம் தலைமுறை, 1984, கொஞ்சம் வளர்ந்தது, 16 வால்வு எஞ்சின் வந்ததும் 139 பிஎஸ், நல்ல வண்டி. மூன்றாவதுதான் வெட்கக்கேடு. 2.0 லிட்டர் போட்டும் 115 பிஎஸ்தான், எடை ஒரு டன்னைத் தாண்டியது, நூறைத் தொட பத்து வினாடி. பதினாறு வருடம் கழித்து வந்த வண்டி முதல் வண்டியைவிட மெதுவாக ஓடியது! நான்காவதில் ஜிடிஐ எழுத்தை அதே 115 பிஎஸ் எஞ்சினுக்கும் ஒட்டினார்கள், டீசலுக்கும் ஒட்டினார்கள். 2004-இல் ஐந்தாவது வந்துதான் மானம் திரும்பியது, 2.0 டர்போ, 200 பிஎஸ், பின்பக்கம் மல்ட்டிலிங்க் சஸ்பென்ஷன், வேண்டுமென்றால் டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர். ஆறாவது அதையே இழைத்துப் பாலிஷ் போட்டது. ஏழாவது முந்தையதைவிட இளைத்துப் பிறந்தது, இந்தக் குடும்பத்தில் அது அபூர்வம். எட்டாவதில் ஸ்டீயரிங்கில் தொடு பொத்தான்களை வைத்து ஊரெல்லாம் திட்டு வாங்கினார்கள், அதையே புதுப்பித்த 8.5-இல் நிஜப் பொத்தானைத் திரும்ப வைத்தவர்கள் கையோடு மேனுவல் கியரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சரி, எந்தக் கம்பெனி, எந்தத் தலைமுறை உங்கள் கணக்கில் உச்சம்? அங்கிருந்து எதனால் இறங்கியது? என் கட்சியைச் சொல்லிவிட்டேன், வேகம் கூடியதில் எனக்கு வருத்தமே இல்லை, சாதாரண ஆளின் கைக்கு எட்டாமல் போனதில்தான்.

சும்மா_சுத்துறவன்:

அண்ணே, 810 கிலோ என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அந்த 810 கிலோவில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பக்கவாட்டில் இடித்தால் தாங்க ஒன்றுமே இல்லை. 1997-இல் யூரோ என்கேப் (கார்களை மோதவிட்டுச் சோதிக்கிற ஐரோப்பிய அமைப்பு) முதல் சோதனை முடிவுகளை வெளியிட்டபோது ரோவர் 100-க்கு ஒரே ஒரு நட்சத்திரம், ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் கூடே நசுங்கிப்போனது. விற்பனை சரிந்து அடுத்த வருடமே அந்த வண்டியை நிறுத்தினார்கள். அதன் அடிப்படை 1980-இல் வந்த மெட்ரோ. நீங்கள் கொண்டாடுகிற வண்டிகள் பிறந்ததும் அதே காலத்தில்தான். எடை கூடியது கொழுப்பால் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் பாதி உயிர் காக்கிற இரும்பு.

இன்னொன்று. மழை பெய்கிற ஒரு ராத்திரியில் ஏழாம் தலைமுறை ஜிடிஐ-யையும் முதல் ஜிடிஐ-யையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எதில் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் இங்கே எல்லோரும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் உச்சம் ஏழுதான். வேகம், சொகுசு, டிக்கி, பெட்ரோல் செலவு எல்லாம் ஒரே வண்டியில்.

ஈஸ்ட்ஹாம்_205:

சுத்துறவன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் எதிர்க் கட்சி. எங்கள் வீட்டில் ஒரு பெஜோ 205 ஜிடிஐ 1.9 நிற்கிறது. லண்டனில் இப்போது அதை ஓட்டுவதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகம், அவ்வளவு விலை ஏறிவிட்டது.

கோல்ஃப்தான் முதல் என்று எல்லோரும் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரரிடம் கேட்டால் 1974 சிம்கா 1100 டிஐ என்பார், இத்தாலிக்காரர் 1971 ஆட்டோபியாங்கி ஏ112 அபார்த் என்று தொடங்குவார். அந்தச் சண்டை முடியாது, விட்டுவிடுவோம். ஆனால் உச்சம் எது என்றால் எனக்கு 205 தான். 1984-இல் 1.6 லிட்டர், 105 குதிரை. 1986-இல் அது 115 ஆனது, அதன் பிறகு 1.9, 130 குதிரை. எடை 900 கிலோவை ஒட்டி. அதே காலத்தில் பெஜோ 205 டர்போ 16 என்ற நடு எஞ்சின் அசுரனை ராலியில் விட்டு 1985, 1986 இரண்டு வருடமும் உலகப் பட்டம் வென்றது. கடையில் விற்ற காருக்கும் அதற்கும் முகம்தான் ஒன்று, ஆனால் அந்த முகம் போதுமாக இருந்தது.

ஓட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: ஸ்டீயரிங் வழியாக ரோட்டில் கிடக்கிற கூழாங்கல் வரை கையில் தெரியும். வளைவுக்குள் வேகமாகப் போய்ப் பயந்து ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தீர்களோ, பாரம் முழுக்க முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும், பின்ரயர் பிடி விட்டு வண்டியின் வால் வெளியே சுற்றும். தெரிந்தவன் கையில் அது ஆயுதம், வண்டியை வளைவுக்குள் திருப்பிக் குத்துவதற்கு. தெரியாதவன் பின்பக்கமாக வேலிக்குள் போவான். இங்கே அப்படி வேலிக்குள் போன 205-கள் எத்தனையோ.

இனி டார்ட்டானின் கேள்விக்கு வருகிறேன், ஏன் இறங்கியது. ஜெர்மனியில் என்ன நடந்ததோ தெரியாது, பிரித்தானியாவில் ஹாட் ஹேட்சைக் கொன்றது எஞ்சினியர்கள் இல்லை, கள்வர்கள். எண்பதுகளின் கடைசியில் ஃபோர்டு எஸ்கோர்ட் எக்ஸ்ஆர்3ஐ, ஆர்எஸ் டர்போ, கோல்ஃப், 205 எல்லாம் பூட்டு உடைக்க ஒரு ஸ்குரூ டிரைவர் போதும் என்ற நிலை. பெடியள் களவெடுத்துக்கொண்டு போய்க் குடியிருப்புப் பகுதிகளில் கூட்டம் கூட்டிச் சுற்றிக் காட்டுவார்கள், விடிய அதற்கே தீ வைப்பார்கள். 1991-இல் ஒக்ஸ்ஃபோர்டின் பிளாக்பேர்ட் லீஸ் பகுதியில் பொலிஸ் அதை அடக்கப் போய்க் கலவரமே வந்தது. 1992-இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அதற்குள் காப்புறுதிக் கம்பெனிகள் முந்திக்கொண்டன. இருபத்தொரு வயதுப் பெடியனுக்கு வருடக் காப்புறுதி காரின் விலையோடு போட்டி போட ஆரம்பித்தது. வாங்குபவன் இல்லாமல் போனான், அதோடு கம்பெனிகளும் கை கழுவின.

அதே நேரம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சட்டம், புகையைச் சுத்தம் செய்கிற கருவி அது. 1993 முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவில் கட்டாயம். 205 1.9 அதைப் போட்டதும் 130-இலிருந்து 122 ஆனது, கோல்ஃப் 16 வால்வு 139-இலிருந்து 129 ஆனது. மூன்றாம் தலைமுறை ஜிடிஐ ஏன் நோஞ்சானாக வந்தது என்று கேட்டீர்களே, அந்த வருடங்களை ஒருமுறை பாருங்கள்: திருட்டு, காப்புறுதி, புகைச் சட்டம், மூன்றும் ஒரே நேரத்தில். அந்தக் காலத்தில் பவர் குறைந்த ஜிடிஐ-தான் விற்கக்கூடிய ஜிடிஐ.

டார்ட்டான்_சீட்:

இந்தக் காப்புறுதிக் கோணம் அருமை அண்ணா. மூன்றாம் தலைமுறையைத் திட்டுகிறவர்கள் (நானும்தான்) வண்டியை மட்டும் பார்க்கிறோம், அதை வாங்க வந்தவனைப் பார்ப்பதில்லை.

ரெனோவைப் பற்றி யாரும் பேசவில்லையே? 5 ஜிடி டர்போ?

ஈஸ்ட்ஹாம்_205:

அதை ஏன் கேட்கிறீர்கள். டர்போ போட்டார்கள், ஆனால் இஞ்செக்ஷன் போடாமல் கார்புரேட்டரையே வைத்தார்கள். நல்லாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் எஞ்சின் சூட்டில் கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், பிறகு ஸ்டார்ட் ஆகாது. அதற்காக கார்புரேட்டருக்கென்றே தனி விசிறி வைத்தார்கள், சாவியை எடுத்த பிறகும் அது சுற்றிக்கொண்டு இருக்கும். பெட்ரோல் அடிக்கிற இடத்தில் பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்தால் ஜிடி டர்போக்காரன் என்று தெரியும். ஓடும்போது மட்டும் சும்மா பறக்கும்.

ரெனோவின் உண்மையான சாதனை பிறகு வந்த கிளியோ வில்லியம்ஸ், 1993. 2.0 லிட்டர், 150 குதிரை, நீல நிறம், தங்க நிறச் சக்கரம். வில்லியம்ஸ் ஃபார்முலா 1 அணிக்கும் அந்தக் காரை உருவாக்கியதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பெயர் மட்டும்தான். எண் பொறித்த தகடு வைத்து, இவ்வளவுதான் செய்வோம் என்று விற்றுவிட்டு, நன்றாகப் போகிறது என்றதும் வில்லியம்ஸ் 2, வில்லியம்ஸ் 3 என்று இறக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள்.

ரெட்லைன்8200:

ஐரோப்பாவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் தூங்கிவிட்டது என்று சொல்கிற அதே தொண்ணூறுகளில்தான் ஜப்பான் விழித்தது. 1997 ஹோண்டா சிவிக் டைப் ஆர், ஈகே9 என்ற தலைமுறை. 1.6 லிட்டர், டர்போ கிடையாது, 185 பிஎஸ், அது வருவது 8,200 ஆர்பிஎம்-இல். ஒரு லிட்டருக்கு 116 பிஎஸ். எஞ்சின் ஹெட்டின் காற்று வழிகளைக் கையால் தேய்த்து மெருகேற்றி அனுப்பினார்கள், அதுவும் ஒரு குடும்பக் காரின் உடம்புக்குள் வைக்க. சுமார் 6,000 வரை சாதுவாக இருக்கும், அதற்கு மேல் விடெக்கின் (வால்வு திறப்பை மாற்றுகிற ஹோண்டா முறை) பெரிய கேம் பிடித்ததும் சத்தமே மாறிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு கியர் கீழே போடுவார்கள்.

எடை, பவர், விலை எல்லாம் சொல்கிறீர்கள். எனக்கு இந்தக் கதையின் நடுக்கோடு எஞ்சினின் குணம். முதல் ஜிடிஐ-யும் 205-ம் ஈகே9-ம் டர்போ இல்லாமல் தானே மூச்சிழுத்துச் சுற்றுகிற எஞ்சின், பவர் வேண்டுமென்றால் நீங்கள் போய் எடுக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறை ஜிடிஐ-க்குப் பிறகு எல்லோரும் டர்போ, 1,800-இல் முழு டார்க், எந்தக் கியரில் மிதித்தாலும் தள்ளும். ஹோண்டாவே 2015-இல் எஃப்கே2 என்ற டைப் ஆர்-இல் டர்போவுக்கு இறங்கிவிட்டது, 310 பிஎஸ். வேகமாகப் போவது சுலபமானதும் வேகத்தில் ஓட்டுநரின் பங்கு குறைந்துவிட்டது. டைப் ஆர் இப்போது 330 பிஎஸ்ஸைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, 2023-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 44.881 வினாடியில் சுற்றி ரெனோ மெகான் ஆர்எஸ் டிராஃபி-ஆரின் 2019 சாதனையை அரை வினாடியில் உடைத்தது. நான் ஹோண்டா வெறியன்தான், இருந்தும் சொல்கிறேன், அந்த அரை வினாடியால் யாருக்கு என்ன லாபம்?

சும்மா_சுத்துறவன்:

லாபம் இருக்கிறது நண்பா. அந்த மெகான் பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் சாதனை செய்தது. பின் சீட் இல்லாத ஹேட்ச்பேக் என்ன ஹேட்ச்பேக்? சிவிக் பின் சீட்டோடு விற்கிற வண்டி. இன்னொரு விஷயம், முன்சக்கரத்துக்கு மட்டும் 300 பிஎஸ்ஸுக்கு மேல் கொடுத்து நேராக ஓட்ட முடிகிறது என்பதே ஒரு அதிசயம். 2002 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ்-ஸில் 215 பிஎஸ்தான், அதற்கே முழுதாக மிதித்தால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்கிறேன். முன்சக்கரம் இரண்டு வேலை பார்க்கிறது, திருப்புவதும் அதுவே, இழுப்பதும் அதுவே. சக்கரம் திரும்புகிற அச்சு ஒன்று உண்டு, அது டயரின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நெம்பு விசை எஞ்சினின் இழுவைக்குக் கிடைக்கிறது. இடது வலது டயருக்குப் பிடிப்பு ஒரே மாதிரி இல்லாத ரோட்டில் ஒரு பக்கத்து இழுவை வெல்லும், ஸ்டீயரிங் ஒரு பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு ஓடும். டார்க் ஸ்டியர் என்பது இதுதான். ஃபோர்டு 2009 ஃபோக்கஸ் ஆர்எஸ்-ஸில் ரெவோநக்கிள் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ரெனோ மெகானிலும் ஹோண்டா டைப் ஆர்-இலும் அதே யோசனைதான் வேறு பெயரில். திரும்புகிற பாகத்தைச் சஸ்பென்ஷன் தூணிலிருந்து பிரித்து, அச்சை டயரின் நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கூடவே, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கிற நல்ல லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். 305 பிஎஸ் ஃபோக்கஸ் பழைய 215 பிஎஸ் வண்டியைவிட நேராக ஓடியது. இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்களை வெறும் எடை போட்டவர்கள் என்று சொல்வது அநியாயம்.

கொங்கு_பிஸ்டன்:

வணக்கங்க எல்லாருக்கும். டார்ட்டான் அண்ணன் 'சாதாரண ஆளின் கைக்கு எட்டுகிற விலை' என்று சொன்னதால் எங்கள் ஊர் வண்டியைப் பற்றிச் சொல்லியே ஆகணும். 2018 அக்டோபர், டாடா டியாகோ ஜேடிபி. ஜே என்பது கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். டாடாவும் ஜெயமும் சேர்ந்து ஒரு கம்பெனி போட்டு, நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோலை எடுத்து டியாகோவுக்குள் வைத்தார்கள், 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் மேனுவல், கியர் விகிதம் மாற்றி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கி. நூறைத் தொடப் பத்து வினாடிக்குச் சற்றுக் குறைவு என்று கம்பெனி சொன்னது. அறிமுக விலை 6.39 லட்சம்.

முதல் பதிவில் இருக்கிற 1976 ஜிடிஐ எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 110 பிஎஸ், அங்கே ஒன்பது வினாடி, இங்கே பத்து. இருக்கிற எஞ்சினை எடுத்து இருக்கிற காருக்குள் போட்டது இங்கேயும் அதேதான். அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி அன்றைக்கு உலகத்தில் வேறெங்கே கிடைத்தது என்று காட்டுங்கள். 2020-இல் நிறுத்திவிட்டார்கள். வாங்கத்தான் ஆளில்லை. "நம்ம ஆளுங்க மைலேஜ் கேட்பாங்க" என்று சொல்வது சுலபம், ஆனால் பத்திரிகைகளில் ஆகா ஓகோ என்று எழுதியதைப் படித்துவிட்டு ஷோரூமில் போய் அதே காசுக்கு சன்ரூஃப் உண்டா என்று கேட்டவர்களும் நாம்தான்.

ரெட்லைன்8200:

கொங்கு, ஜேடிபி-யை நான் மறுக்கவில்லை, ஆனால் இந்தியாவில் தொடக்கம் அது இல்லையே. 2001 ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ், நூறு குதிரை. சச்சின் விளம்பரம் செய்தார், எஸ்10 என்று அவர் பெயரில் தனிப் பதிப்பே வந்தது. அப்புறம் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013, புன்டோ அபார்த் 2015. புன்டோ 145 குதிரை, 9.95 லட்சம். பலேனோ ஆர்எஸ் வந்தது, போனது.

கொங்கு_பிஸ்டன்:

வாஸ்தவங்க. பாலியோ ஜிடிஎக்ஸ் மாதிரி வண்டி அப்புறம் ஏன் வரவில்லை என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, ரசனை மட்டும் காரணமில்லை. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார்கள். நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. பாலியோ நாலு மீட்டருக்குள் அடங்கும், 1.6 எஞ்சின் அடங்காது. அன்றிலிருந்து இந்தியாவில் சிறிய காருக்குள் பெரிய எஞ்சின் வைப்பது வரியில் தலையைக் கொடுக்கிற வேலை. புன்டோ அபார்த்தின் 1.4-உம் அந்தப் பக்கம்தான் விழுந்தது. ஜிஎஸ்டி வந்தும் அந்த 1,200 கோடு அப்படியே நின்றது. அதனால்தான் போலோ ஜிடி முதலில் 1.2 டர்போ, அப்புறம் 1.0 டர்போ, ஜேடிபி 1.2, பலேனோ ஆர்எஸ் 1.0, ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற ஐ20 என் லைன் 1.0, அல்ட்ரோஸ் ரேசர் 1.2. எல்லாம் 100-க்கும் 120-க்கும் நடுவில் நிற்பது தற்செயல் இல்லை, வரிக்கோடு போட்ட வேலை.

எரிச்சலான விஷயம், சுஸுகியின் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 2017-இல் ஜப்பானில் வந்தது, 1.4 டர்போ, 140 பிஎஸ், ஆறு கியர் மேனுவல், எடை 970 கிலோ. தெருவுக்குத் தெரு ஸ்விஃப்ட் ஓடுகிற நாட்டுக்கு அதைக் கொண்டுவரவே இல்லை.

டார்ட்டான்_சீட்:

970 கிலோ, 140 பிஎஸ். ஒரு டன்னுக்கு 144. முதல் ஜிடிஐ ஒரு டன்னுக்கு 136. ஏர்பேக், ஏசி, ஏபிஎஸ் எல்லாம் வைத்துக்கொண்டு நாற்பது வருடம் கழித்து அதே இடத்தில் ஒருவர் நின்றிருக்கிறார் என்றால் எடை கூடியதற்குப் பாதுகாப்பை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, தம்பி சுத்துறவா. நம்ம ஆட்கள் பெரிய சக்கரம் கேட்டார்கள், மசாஜ் சீட் கேட்டார்கள், கம்பெனியும் அதில்தான் லாபம் பார்த்தது.

சும்மா_சுத்துறவன்:

ஒத்துக்கொள்கிறேன், பாதிக்குப் பாதி.

மெர்சிடிஸ் ஏ45 எஸ்-ஐ மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2.0 எஞ்சினில் 421 பிஎஸ், எஞ்சினாகப் பார்த்தால் கும்பிடலாம், ஆனால் அந்தக் காசுக்கு அது வேறு ஜாதி வண்டி.

பேட்டரி_மாமா:

எல்லோரும் விலையையும் எடையையும் பேசுகிறீர்கள், கடைசியில் கழுத்தைப் பிடித்தது கார்பன் கணக்கு. ஐரோப்பாவில் 2020 முதல் 2024 வரை ஒரு கம்பெனி விற்கிற கார்களின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு கிலோமீட்டருக்கு 95 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று விதி, தாண்டுகிற ஒவ்வொரு கிராமுக்கும் ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். நிஜக் கணக்கில் எடை, சலுகை என்று இன்னும் சிக்கல் உண்டு. தோராயமாகப் பார்த்தால் 190 கிராம் விடுகிற ஒரு ஹாட் ஹேட்ச் விற்றால் 95 கிராம் அதிகம், 95 பெருக்கல் 95, ஒன்பதாயிரம் யூரோ. அதை ஈடுகட்ட பேட்டரி கார் விற்க வேண்டும், அல்லது காருக்கு விலை ஏற்ற வேண்டும், அல்லது வண்டியையே நிறுத்த வேண்டும். ஃபோர்டு அடுத்த ஃபோக்கஸ் ஆர்எஸ் கிடையாது என்று 2020-இலேயே சொல்லிவிட்டது. 2023 ஜூலையில் ஃபியஸ்டாவே போய்விட்டது, அதோடு அதன் வேகப் பதிப்பான எஸ்டி-யும். ஹூண்டாய் ஐ20 என், ஐ30 என் இரண்டும் ஐரோப்பாவில் 2024-இல் முடிந்தன. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே, 2024-இல் 193 கிராமைத் தாண்டுகிற புதுக் காருக்கு மாசு வரி 60,000 யூரோ. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் வாங்க நினைக்கிற பிரெஞ்சுக்காரர் காரின் விலையைவிட அதிகமாக வரி கட்டணும்.

ஆகையால் அடுத்த தலைமுறை பேட்டரிதான், அழுதாலும் சிரித்தாலும். ஹூண்டாய் ஐயானிக் 5 என் ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பூஸ்ட்டில் 650 பிஎஸ், இல்லாத கியருக்கு உதறல் கொடுக்கிறது, பொய்ச் சத்தம் போடுகிறது, ரெட்லைனில் முட்டினால் நிஜ எஞ்சின் மாதிரித் திணறவும் செய்கிறது.

ரெட்லைன்8200:

மாமா, 2.2 டன் எடை. அதை ஹேட்ச்பேக் என்று சொல்வதற்கு ஐயானிக்குக்கே கூச்சமாக இருக்கும். பொய் கியர் வைத்திருப்பதே, எதை இழந்தோம் என்று அவர்களுக்கும் தெரியும் என்பதற்குச் சாட்சி.

பேட்டரி_மாமா:

பெரியதை விடு மாப்பிள்ளை. ஆல்பைன் ஏ290, நாலு மீட்டருக்குள் நீளம், 220 பிஎஸ், 1,479 கிலோ. இப்போதைய பெட்ரோல் கோல்ஃப் ஜிடிஐ-யும் ஏறக்குறைய அதே எடைதான், அப்போ பேட்டரியை மட்டும் குறை சொல்வது ஏன்? 2024-இல் வந்தபோது பிரான்சில் 38,700 யூரோவில் ஆரம்பம், அதற்கு மாசு வரியும் இல்லை. ஃபோக்ஸ்வாகனும் ஐடி போலோ ஜிடிஐ என்று 226 பிஎஸ்ஸில் அறிவித்திருக்கிறது, முன்சக்கர இழுவைதான்.

ஈஸ்ட்ஹாம்_205:

ஏ290 எடை பற்றி மாமா சொல்வது சரி, ஆனால் எடையை எங்கே சுமக்கிறது என்பதும் முக்கியம். பேட்டரி தரையோடு தரையாக இருப்பதால் வளைவில் சாயாது, பிடிப்பு அபாரம். 205-இல் நான் சொன்ன அந்த வால் சுற்றும் விளையாட்டுக்கு உயரத்தில் நகர்கிற பாரமும் இலேசான பின்பக்கமும் வேண்டும். அது இனி வராது. பாதுகாப்புக்கு அது நல்லது என்று என் வீட்டில் ஒருவர் பின்னாலிருந்து வாசித்துவிட்டுச் சொல்கிறார்.

ஜிஆர் யாரிஸ் பற்றி ஒரு வார்த்தை. ராலிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதற்காகவே மூன்று கதவு உடம்பைத் தனியாகச் செய்து, மூன்று சிலிண்டர் 1.6 எஞ்சினில் 261 பிஎஸ் எடுத்து, நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து 2020-இல் விற்ற கார் அது. கணக்குப் பார்க்கிற கம்பெனி செய்கிற வேலையே இல்லை. இந்த நூற்றாண்டில் எனக்கு உச்சம் அதுதான்.

மலைவளைவு_ரசிகன்:

புதியவன், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏழு லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்ட் வாங்க நினைக்கிறேன். போலோ ஜிடி டிஎஸ்ஐ பழைய 1.2 டிஎஸ்ஜி-யா, டியாகோ ஜேடிபி-யா? வாரம் முழுக்க ஆபீஸ், மாதம் ஒருமுறை கோத்தகிரி அல்லது வால்பாறை.

சும்மா_சுத்துறவன்:

ஆபீஸ் போக்குவரத்தில்தான் அதிகம் என்றால் போலோ. நெடுஞ்சாலையில் அது கொடுக்கிற நிதானமும் கதவு சாத்துகிற கனமும் ஜேடிபி-யில் வராது. ஆனால் அந்த ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகும். முதல், இரண்டாம் கியர் மாறும்போது அதிர்கிறதா, மெக்கட்ரானிக் யூனிட் (கியரை மாற்றுகிற கட்டுப்பாட்டுப் பெட்டி) எப்போதாவது மாற்றியிருக்கிறார்களா என்று பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில் இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், அந்த ரிப்பேர் விலையில் பழைய பைக் ஒன்று வாங்கலாம்.

கொங்கு_பிஸ்டன்:

தம்பி, வால்பாறை நாற்பது கொண்டை ஊசிக்கு மேனுவல்தான். ஜேடிபி எடுப்பதென்றால் எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம், நெக்ஸான் எஞ்சின் என்பதால் எந்த டாடா ஒர்க்‌ஷாப்பிலும் கை வைப்பார்கள். பார்க்க வேண்டியது ஜேடிபி-க்கு மட்டும் செய்த பாகங்கள்: முன் பம்பர், பானெட்டில் இருக்கிற காற்று வழிகள், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். இவை உடைந்திருந்தால் சாதாரண டியாகோ சாமானை மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள், ஜேடிபி என்ற எழுத்துக்கு மட்டும் காசு கேட்பார்கள். வண்டியைத் தூக்கி முன் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு, ஆர்சி புத்தகத்தில் மாடல் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண டியாகோவில் பம்பரை மட்டும் மாற்றி வைத்திருக்கிற வண்டிகளும் சந்தையில் சுற்றுகிறதுங்க. கோவைப் பக்கம் பார்க்கிறதா இருந்தால் இங்கேயே எழுதுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வந்து பார்த்துத் தருகிறேன்.